தேர்தல் முதலிலா, ஆயுதக் களைவு முதலிலா? போரிலிருந்தும் சர்வாதிகாரத்திலிருந்தும் மக்களாட்சிக்கு மாறும் நாடுகள் குறித்து ஒரு கேள்வி

எழுதியவர்: நெடுவழி

அங்கோலா, மொசாம்பிக் ஆகிய இரு நாடுகளின் அண்மைக்கால வரலாற்றை ஒருசேர வாசித்து வருகிறேன். இரண்டும் போர்ச்சுகலின் ஆட்சியிலிருந்து 1975இல் விடுதலை பெற்றவை. இரண்டிலும் ஒற்றைக் கட்சி ஆட்சி அமைந்தது. வெளிநாடுகளின் துணையோடு உள்நாட்டுப் போர் மூண்டு பல லட்சம் பேர் மாண்டனர். பனிப்போர் ஓய்ந்ததும் அங்கோலாவில் 1991இலும் மொசாம்பிக்கில் 1992இலும் அமைதி உடன்பாடுகள் கையெழுத்தாகி, ஐக்கிய நாடுகள் அவையின் கண்காணிப்பில் பலகட்சித் தேர்தல்களும் நடந்தன. ஆனால் அங்கோலாவில் 1992 செப்டம்பர் தேர்தல் முடிந்த சில வாரங்களிலேயே போர் மீண்டும் வெடித்து 2002 வரை நீடித்தது. மொசாம்பிக்கிலோ 1994 அக்டோபர் தேர்தலில் தோற்ற தரப்பு நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக அமர்ந்தது.

இந்த வேறுபாட்டுக்குத் தலைவர்களின் குணம் மட்டுமே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அங்கோலாவின் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜோனாஸ் சவிம்பி பதவி வேட்கை மிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மொசாம்பிக்கின் அஃபோன்சோ த்லக்காமாவும் பல்லாண்டுகள் படை நடத்தியவர்தாம், அரசை எதிர்த்துப் போரிட்ட அவருடைய ரெனாமோ இயக்கம் பொதுமக்களுக்கு இழைத்த கொடுமைகளும் சிறியவை அல்ல. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? தேர்தலை எவ்வளவு விரைவில் நடத்துகிறோமோ அவ்வளவு விரைவில் அமைதி வரும் என்ற நம்பிக்கையே தவறானதா?

இதனோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. பதவியை விட்டு இறங்கும் ஆட்சியாளர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு இறங்குவதில்லை. தண்டனையிலிருந்து பாதுகாப்பையும், புதிய ஆட்சியில் ஒரு பங்கையும் கேட்டுப் பெறுகிறார்கள். அமைதிக்காக அதைக் கொடுப்பது சரிதானா, அல்லது பிறக்கப்போகும் மக்களாட்சியைத் தொடக்கத்திலேயே முடமாக்கிவிடுமா? இத்துறையில் வாசிப்புள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.


மறுமொழி: கீழைக்காற்று

நெடுவழி அவர்களுக்கு வணக்கம். தாங்கள் எடுத்துக்கொண்ட இணை மிகப் பொருத்தமானது. ஏனெனில் அங்கோலாவில் பட்ட அடியைப் பார்த்துத்தான் மொசாம்பிக்கில் ஐக்கிய நாடுகள் அவை தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது.

அங்கோலாவில் தேர்தல் நாளன்று இரு தரப்புப் படைகளும் பெருமளவில் கலைக்கப்படாமலே இருந்தன. ஒருங்கிணைந்த புதிய தேசியப் படை தேர்தலுக்கு முன் உருவாகிவிட வேண்டும் என்று உடன்பாடு கூறியது. ஆனால் தேர்தலுக்கு முந்தைய நாள்களில் அது பெயரளவில் அறிவிக்கப்பட்டதே தவிர, நடைமுறையில் உருப்பெறவில்லை. அவ்வளவு பெரிய நாட்டுக்கு ஐக்கிய நாடுகள் அவை அனுப்பிய இராணுவப் பார்வையாளர்கள் சில நூறு பேர் மட்டுமே. அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் அப்போதைய அதிபர் தோஸ் சாந்தோஸ் ஏறத்தாழ 49.6 விழுக்காடும் சவிம்பி ஏறத்தாழ 40 விழுக்காடும் பெற்றனர். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் இரண்டாம் சுற்று நடந்திருக்க வேண்டும், நடக்கவே இல்லை. முறைகேடு நடந்ததாகக் குற்றம் சாட்டிய சவிம்பி மீண்டும் போருக்குச் சென்றார். அவரால் செல்ல முடிந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்: படை கைவசம் இருந்தது, அதற்குச் செலவிட வைரச் சுரங்கங்கள் இருந்தன, தோற்றால் இழப்பதற்கு அதிபர் பதவி என்ற ஒரே பெரும் பரிசு இருந்தது. அரசுத் தரப்பிலும் எண்ணெய் வருவாய் இருந்தது.

மொசாம்பிக்கில் 1993இலேயே நடக்க வேண்டிய தேர்தல், ஆயுதக் களைவு முடியவில்லை என்ற காரணத்தால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமைதிப் படையினர் அனுப்பப்பட்டார்கள். கலைக்கப்பட்ட வீரர்களுக்கு இரண்டு ஆண்டுக்காலம் உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. ரெனாமோ ஓர் அரசியல் கட்சியாக மாறுவதற்கென்றே ஒரு நிதியம் அமைக்கப்பட்டு, இத்தாலி உள்ளிட்ட நாடுகள் அதற்குப் பணம் கொடுத்தன. கொடுமை இழைத்த இயக்கத்துக்கா பணம் என்று அன்று பலர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. ஆனாலும் தோற்ற பிறகு வாழ வழியுண்டு என்ற நம்பிக்கையை அந்தப் பணம் வாங்கித் தந்தது. வாக்குப்பதிவின் முதல் நாளிலேயே தேர்தலிலிருந்து விலகுவதாக த்லக்காமா அறிவித்து, மறுநாளே திரும்பி வந்தார். 250 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் அவருடைய கட்சிக்கு 112 இடங்கள் கிடைத்தன.

வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். படைவீரர்கள் தங்க வைக்கப்பட்ட முகாம்களில் 1994இல் கலகங்கள் நடந்தன. தொடர்ந்து போரிட விடவில்லை என்பதற்காக அல்ல, தங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதற்காக! 30,000 பேர் கொண்டதாகத் திட்டமிடப்பட்ட புதிய படையில் சேர, அதில் பாதிக்கும் குறைவானவர்களே முன்வந்தார்கள். வறட்சியும் பட்டினியும் போருக்கான ஊக்கத்தை உலர்த்திவிட்டிருந்தன. ரெனாமோவைத் தாங்கிநின்ற தென்னாப்பிரிக்க உதவியும் வற்றியிருந்தது. இந்தக் களைப்பு இல்லாதிருந்தால் அரசதந்திரிகளின் திறமை மட்டும் எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்பது ஐயமே.

மொசாம்பிக்கையும் முழு வெற்றியாகக் கொள்ள முடியாது. ஆயுதம் தாங்கிய ஒரு பிரிவை ரெனாமோ தன்னிடமே வைத்திருந்தது. மாநிலங்களின் நிருவாகத்தில் அதற்குப் பங்கு கிடைக்கவில்லை. விளைவாக 2013இல் மோதல்கள் மீண்டும் எழுந்தன, 2019 ஆகஸ்டில் இன்னோர் உடன்பாடு தேவைப்பட்டது. ஆகவே எனது விடை இதுதான்: ஆயுதக் களைவு முந்த வேண்டும், தேர்தல் பிந்த வேண்டும், ஆனால் தோற்பவருக்கு எஞ்சும் இடம் எது என்பதை இவ்விரண்டுக்கும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.


மறுமொழி: ஆய்வுமேசை

கீழைக்காற்று அவர்கள் போரிலிருந்து மீளும் நாடுகளைப் பற்றிச் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். நெடுவழி அவர்களின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது இறங்கும் ஆட்சியாளருக்குச் சலுகை தரலாமா என்பதற்கு, என்னால் இயன்ற விடையை எழுதுகிறேன்.

சலுகை தராமல் மாற்றம் நிகழ்ந்த நாடுகள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் பழைய ஆட்சி ஏற்கெனவே முறிந்துபோயிருந்தது. அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சி 1982இல் ஃபாக்லாந்துப் போரில் தோற்று மதிப்பிழந்த பின்பே வெளியேறியது. பேரம் பேசும் வலிமை அதற்கு இல்லை. படையும் காவல்துறையும் கருவூலமும் ஆட்சியாளர் கையிலேயே இருக்கும் நாட்டில் நிலைமை வேறு. அங்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. எனவே கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, கொடுத்தது எந்த நாளில் காலாவதியாகும், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதுதான் முடிவான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம். பேச்சுவார்த்தை முடங்கிக் கிடந்த 1992இல், பொதுவுடைமைக் கட்சியின் தலைவர் ஜோ ஸ்லோவோ ஒரு முன்மொழிவை வைத்தார்: குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பழைய ஆளுங்கட்சியையும் சேர்த்துக் கூட்டணி ஆட்சி அமைக்கலாம், பழைய அரசு ஊழியர்களின் பணியையும் ஓய்வூதியத்தையும் காக்கலாம் என்பது அதன் சாரம். வெள்ளையர் ஆட்சியை வாழ்நாள் முழுவதும் எதிர்த்த ஒருவரிடமிருந்து அது வந்ததால்தான் மண்டேலாவின் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்குள் எழுந்த எதிர்ப்பையும் தாண்டி நிலைபெற்றது. 1993இன் இடைக்கால அரசமைப்பு, 5 விழுக்காடு இடங்களைப் பெறும் எந்தக் கட்சிக்கும் அமைச்சரவையில் பங்கு உண்டு என்றும், 20 விழுக்காடு பெறும் கட்சி ஒரு துணை அதிபரை நியமிக்கலாம் என்றும் உறுதியளித்தது. அதன்படி அதுவரை அதிபராக இருந்த எஃப். டபிள்யூ. டி கிளார்க் மண்டேலாவின் கீழ்த் துணை அதிபரானார். இந்த ஏற்பாடு ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே உரியது. 1996இலேயே டி கிளார்க்கின் கட்சி தானாக விலகிக்கொண்டது. 1990க்கும் 1994க்கும் இடையில் அரசியல் வன்முறையில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள் என்பதையும், 1993 ஏப்ரலில் விடுதலைப் போராட்டத் தலைவர் கிறிஸ் ஹானி கொல்லப்பட்டபோது நாடு உள்நாட்டுப் போரின் விளிம்புக்குச் சென்று மீண்டது என்பதையும் மறந்துவிட்டு, இதை அமைதியான மாற்றம் என்று அழைப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

சிலியில் காலவரம்பு வைக்கப்படவில்லை. 1988 அக்டோபர் 5இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் இராணுவ ஆட்சியாளர் பினோசேயின் நீடிப்பை நிராகரித்தனர். அன்றிரவு முடிவை வெளியிடுவதில் அரசு தயங்கியபோது, ஆளும் இராணுவக் குழுவின் உறுப்பினரும் விமானப்படைத் தளபதியுமான மத்தேய் தாங்கள் தோற்றுவிட்டதாகச் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஆளும் குழுவுக்குள் இருந்த இந்தப் பிளவு மிகப் பெரிய பங்காற்றியது என்பேன். ஆனாலும் 1980 அரசமைப்பு நீடித்தது. பினோசே 1998 மார்ச் வரை தரைப்படைத் தளபதியாகவே இருந்தார். மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத நியமன உறுப்பினர்கள் மேலவையில் அமர்ந்தார்கள். அரசு செப்பு நிறுவனத்தின் ஏற்றுமதி வருவாயில் 10 விழுக்காடு சட்டப்படி நேரே படைகளுக்குச் சென்றது. நியமன உறுப்பினர் முறை 2005இல்தான் ஒழிந்தது, செப்புச் சட்டம் 2019இல்தான் நீங்கியது. சிலி மக்களாட்சியாக நிலைத்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு பூட்டையும் திறக்க ஒரு தலைமுறை செலவாயிற்று.

நான் சொல்ல வருவதை மிகத் தெளிவாகக் காட்டுபவை இந்தோனேசியாவும் மியான்மரும். இந்தோனேசியாவின் சர்வாதிகாரி சுகார்த்தோ காலத்தில் நாடாளுமன்றத்தில் படைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் 1997இல் 75ஆக இருந்தன. 1998 மே மாதத்தில் அவர் பதவி விலகிய பின், 1999இல் அவை 38ஆகக் குறைந்தன; 2004இல் ஒன்றுகூட எஞ்சவில்லை. காவல்துறை படையிலிருந்து பிரிக்கப்பட்டது. கிழக்குத் திமோரில் 1999இல் நடந்த கொடுமைகளுக்கு உரியவர்கள் தண்டிக்கப்படவில்லை, நாடெங்கும் ஊர்மட்டம் வரை பரவிய படைகளின் வட்டாரக் கட்டமைப்பும் கலைக்கப்படவில்லை என்பவை உண்மையான குறைகள். படையதிகாரிகள் குடிசார் பதவிகளில் அமர்வதற்கான வாய்ப்பை விரிவாக்கி 2025 மார்ச்சில் நிறைவேறிய சட்டத் திருத்தம் எனக்குக் கவலையளிக்கிறது. இருந்தாலும் அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் இருந்தது. மியான்மரில் அது இல்லை. 2008 அரசமைப்பு 25 விழுக்காடு இடங்களைப் படைக்கு ஒதுக்கியதோடு, முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகள் வேண்டும் என்றும் விதித்தது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரங்கள் ஆகிய மூன்று அமைச்சகங்களும் தளபதியின் நியமனத்தில் இருந்தன. படையின் பங்கைப் படிப்படியாகக் குறைக்க 2020 மார்ச்சில் ஆங் சான் சூச்சியின் கட்சியான தேசிய சனநாயகக் கூட்டமைப்பு கொண்டுவந்த திருத்தத்தைப் படை உறுப்பினர்களே தோற்கடித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் மக்கள் மீண்டும் அக்கட்சிக்கே பெருவாரியாக வாக்களித்தனர். 2021 பிப்ரவரி 1இல் படை ஆட்சியைக் கைப்பற்றியது.

போலந்தில் 1989 வட்டமேசைப் பேச்சில் கீழவையின் 65 விழுக்காடு இடங்களை ஆளுங்கட்சிக்கும் அதன் தோழமைக் கட்சிகளுக்கும் ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். அது அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும். போட்டியிட வாய்ப்பிருந்த எல்லாக் கீழவை இடங்களையும், மேலவையின் 100இல் 99ஐயும் எதிர்த்தரப்புத் தொழிற்சங்க இயக்கமான சாலிடாரிட்டி வென்றதும் தோழமைக் கட்சிகள் அணி மாறின, அவ்வியக்கத்தின் மசோவியெட்ஸ்கி பிரதமரானார். ஒரு தேர்தலுக்கு மட்டுமான சலுகை ஒரு கோடைக்காலத்துக்குள் பயனற்றுப்போனது.


மறுமொழி: நெடுவழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காலவரம்பு பற்றிய விளக்கம் என் குழப்பத்தின் பெரும்பகுதியைத் தீர்த்தது. ஆனால் நெஞ்சில் உறுத்துவது வேறு. பதவிக்கும் இடஒதுக்கீட்டுக்கும் காலவரம்பு வைக்கலாம்; ஒரு தாயின் மகனைக் கொண்டுபோய்ப் புதைத்தவனுக்குத் தரும் பொதுமன்னிப்புக்கு என்ன காலவரம்பு வைப்பது? ஒருமுறை மன்னித்துவிட்டால் முடிந்துபோயிற்று அல்லவா? இறந்தவரின் குடும்பத்திடம் கேட்காமலே, மேசையைச் சுற்றி உட்கார்ந்த சிலர் அந்த மன்னிப்பை வழங்கும் உரிமையை எங்கிருந்து பெறுகிறார்கள்?


மறுமொழி: தாழிசை

நெடுவழி அவர்களே, மன்னித்தால் முடிந்துபோயிற்று என்பதற்கு வரலாறு வேறு விடை தருகிறது. ஆனால் அந்த விடை வர நெடுங்காலம் பிடித்தது. அதற்குள் பலர் காத்திருந்தே இறந்துபோனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அர்ஜென்டினாவில் 1983இல் பதவியேற்ற அல்ஃபோன்சின் அரசு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி ஆராய ஆணையம் அமைத்தது. அந்த ஆணையம் 8,960 பேரின் வழக்குகளை ஆவணப்படுத்தியது. மனித உரிமை அமைப்புகளின் மதிப்பீடு இதைவிடப் பன்மடங்கு. 1985இல் முன்னாள் இராணுவத் தலைவர்கள் ஒன்பது பேர் குடிசார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, விதேலாவும் மசேராவும் ஆயுள் தண்டனை பெற்றனர். பின்னர் படைக்குள் எதிர்ப்பு வலுத்து, 1987இல் கலகமும் மூண்டது. 1986, 1987ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மேற்கொண்டு வழக்குத் தொடர்வதைத் தடுத்தன. அடுத்து வந்த அதிபர் மெனெம் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் மன்னிப்பு அளித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்றே அன்று தோன்றியது. ஆனால் குடும்பங்கள் விடவில்லை. சிறைகளில் பிறந்து களவாடப்பட்ட குழந்தைகளை அடையாளம் காண 1987இலேயே மரபணுத் தரவு வங்கி ஒன்று சட்டப்படி நிறுவப்பட்டிருந்தது. குழந்தைத் திருட்டு அந்தத் தடைச் சட்டங்களுக்குள் அடங்காததால் அவ்வழியே வழக்குகள் தொடர்ந்தன. நாடாளுமன்றம் 2003இல் அச்சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அவை அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. விதேலா 2013இல் சிறையிலேயே இறந்தார். எல் சால்வடாரிலும் உண்மை ஆணையத்தின் அறிக்கை 1993இல் வெளிவந்த ஐந்தே நாள்களில் இயற்றப்பட்ட பொதுமன்னிப்புச் சட்டத்தை 2016இல் நீதிமன்றம் நீக்கியது.

தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வேறொரு வழியை முயன்றது. குற்றத்தை முழுமையாக வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே மன்னிப்பு. விண்ணப்பிக்காதவர் மீதும் நிராகரிக்கப்பட்டவர் மீதும் வழக்குத் தொடரலாம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. திட்டம் நியாயமானது, இன்றும் நான் அதை மதிக்கிறேன். ஆனால் அதன் இரண்டாம் பாதி நிறைவேற்றப்படவில்லை. ஆணையம் ஒப்படைத்த வழக்குகளில் மிகச் சிலவே நீதிமன்றத்தை எட்டின. ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைக்க, அரசு 2003இல் ஒருமுறை மட்டும் 30,000 ராண்ட் என்று முடித்துக்கொண்டது. அந்த வழக்குகள் வேண்டுமென்றே தடுக்கப்பட்டனவா என்று விசாரிக்க 2025இல் அதிபர் ராமபோசா ஓர் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று.

பேரம் பேச எதிரில் எவருமே இல்லாமல் போரை முடித்த நாடுகளை இத்திரியில் எவரும் தொடவில்லை. இலங்கையில் 2009 மே மாதத்தில் போர் ஒரு தரப்பின் முழு வெற்றியில் முடிந்தது. பொதுமன்னிப்பா தண்டனையா என்ற பேரமே அங்கு எழவில்லை. வென்ற தரப்பே தன்னை விசாரிக்க வேண்டிய நிலை. 2015இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையின் தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கிய அரசு, காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டத்தை 2016இல் நிறைவேற்றியது. 2020இல் அடுத்து வந்த அரசு அந்த இணை அனுசரணையிலிருந்து விலகியது. சாலையோரத்தில் படங்களை ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மாருக்குத் தேர்தல்கள் பல வந்துபோயின, விடை வரவில்லை. நிலைமாறுகால நீதி, அதாவது போருக்கோ சர்வாதிகாரத்துக்கோ பின் பழைய கொடுமைகளுக்கு நீதி தேடுவது, என்ற பெயரில் அமைக்கப்படும் எந்த அலுவலகமும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் வழக்குத் தொடரச் செய்யவும் அதிகாரம் பெறாதவரை, குடும்பங்கள் அதை நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதே முறையன்று.

தங்கள் கடைசிக் கேள்விக்கு என் நேரடியான விடை: அந்த உரிமை அவர்களுக்கு இல்லை. அரசு தன் தண்டிக்கும் அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். உண்மையை அறியும் குடும்பத்தின் உரிமையை எந்த உடன்பாடும் விட்டுக்கொடுக்க முடியாது.


மறுமொழி: வைகறை

ஆய்வுமேசை அவர்களின் கருத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காலவரம்பு எழுதப்பட்டிருந்தாலும், அது மீறப்படும்போது தீர்ப்புச் சொல்ல ஓர் அமைப்பு இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அரசமைப்பு நீதிமன்றம் முதலிலேயே நிறுவப்பட்டது. இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட 34 கோட்பாடுகளுக்குப் புதிய அரசமைப்பு பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அதனிடம் இருந்தது; 1996 செப்டம்பரில் அந்த வரைவுக்குச் சான்றளிக்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. மண்டேலாவின் அரசு பணிந்தது. திருத்தப்பட்ட வரைவு டிசம்பரில் ஏற்கப்பட்டது.

துனிசியாவில் இதற்கு மாறாக நடந்தது. 2014 அரசமைப்பை உலகமே பாராட்டியது; கட்சிகளைச் சமரசப்படுத்திய நான்கு குடிமை அமைப்புகளுக்கு 2015இல் நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. அந்த அரசமைப்பின்படி ஓராண்டுக்குள் அரசமைப்பு நீதிமன்றம் அமைந்திருக்க வேண்டும். நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டிய நான்கு நீதிபதிகளில் ஒருவரை மட்டுமே கட்சிகளால் ஒத்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 2021 ஜூலை 25இல் அதிபர் கைஸ் சையத் 80ஆம் பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கினார். முப்பது நாள்களுக்குப் பின் அந்நடவடிக்கை தொடரத் தகுமா என்று அரசமைப்பு நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்று அதே பிரிவு கூறுகிறது. கேட்பதற்கு நீதிமன்றம் இல்லை. அடுத்த ஆண்டே புதிய அரசமைப்பு வந்தது. அதை வரைந்தவரும் அவரே, அதனால் பெருகிய அதிகாரத்தைப் பெற்றவரும் அவரே.